கரியாஹாட்டில் நானும் ஒரு மதினி

"மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், சமையல் குறிப்பாக இருந்தாலும் சரி" என்று நம் சங்கத்துச் செயலாளர் கேட்டார். சமையல் குறிப்பு எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பேனாவைக் கையில் எடுத்தால் அடுப்பங்கரைக்கு முன்னால் மார்க்கெட் வந்து நின்றுகொள்கிறது. கல்கத்தாவில் (2001-இலேயே கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள், என் நாக்குதான் மாறவில்லை) நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் பையைத் தூக்கிக்கொண்டு போய்வரும் இடம் கரியாஹாட் மார்க்கெட். அதைப் பற்றி எழுதுவதென்றால் இத்தனை காலம் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தையும் எழுதியாக வேண்டும். பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. 1979-இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். வீட்டுக்காரருக்கு வங்கியில் வேலை. கல்கத்தாவுக்கு வரும் நம்மவர்கள் அந்நாளில் முதலில் வீடு பார்ப்பது லேக் மார்க்கெட் பக்கம். கறிவேப்பிலை, வாழை இலை, மல்லிகைச் சரம், காப்பிப்பொடி, ராஷ்பிகாரி அவென்யூவில் கோமளவிலாஸ் என்று அங்கே ஊர் நம் கையைப் பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு அங்கே வீடு அமையவில்லை. அதே ராஷ்பிகாரி அவென்யூவில் கிழக்கே தள்ளி, கரியாஹாட் நாற்சந்திக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை கிடைத்தது. வெள்ளிக்கிழமை பூ வேண்டுமென்றால் டிராம் ஏறி லேக் மார்க்கெட் போவேன். மற்ற ஆறு நாளும் கரியாஹாட். அங்கே தமிழ் கேட்க நாதியில்லை.

முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். மொச்சைக் குழம்பு வைக்க ஆசை. மார்க்கெட்டுக்கு வெளியே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் போய், "மொச்சை, மொச்சை" என்றேன். அவள் முகம் மலர, "மோச்சா?" என்றாள். ஆஹா, இங்கேயும் அதே பேர்தான் போலிருக்கிறது என்று தலையாட்டினேன். அவள் எடுத்துக் கொடுத்தது ஒரு பெரிய வாழைப்பூ! வங்காளத்தில் மோச்சா என்றால் வாழைப்பூ என்பது எனக்கு எப்படித் தெரியும்? திருப்பிக் கொடுக்க வெட்கம். வாங்கிவந்து நரம்பும் கள்ளனும் ஆய்ந்து, பாசிப்பருப்புப் போட்டுப் பொரியல் செய்தேன். மொச்சைக் குழம்பு கனவாகவே போயிற்று. ஆனால் அன்றைக்கு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வாழைப்பூ தின்கிற ஜனங்களோடு குடும்பம் நடத்திவிடலாம்.

அந்த அம்மாளை எல்லாரும் மாஷி என்று கூப்பிட்டார்கள். மாஷி என்றால் தாயாரின் தங்கை அல்லது அக்காள், நம் சித்தி, பெரியம்மை. அவள் என்னைப் 'பௌதி' என்றாள். அண்ணன் மனைவி என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் மதினி. மீன்காரர் தாதா. (இது நம் சினிமாவில் வரும் தாதா அல்ல; வங்காளத்தில் அண்ணன்.) ஒரு சொந்தக்காரர் முகம் காணாமல் அழுதுகொண்டிருந்தவளுக்கு ஒரே காலையில் சித்தி, அண்ணன், கொழுந்தன் எல்லாம் கிடைத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய உறவுதான். இருந்தாலும் உறவு உறவுதானே!

மாஷியின் சாக்கில்தான் நான் வங்காளி படித்தேன். சுரைக்காய் லாவ், பீர்க்கங்காய் ஜிங்கே, பரங்கி கும்ரோ, வாழைத்தண்டு தோர், சேனைக்கிழங்கு ஓல், முருங்கைக்காய் சொஜ்னே டாட்டா. கொடிப்பசலைக்குப் பூயி என்று பேர். பட்டோல் என்று ஒரு காய் உண்டு, அதற்கு நம் ஊரில் ஈடு இல்லை. கோவைக்காய்க்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரங்கிப்பூவை மாவில் தோய்த்துப் பொரிப்பதையும், வசந்தத்தில் முருங்கைப்பூவையும் வேப்பங்கொழுந்தையும் சமைப்பதையும் அவள்தான் சொல்லித் தந்தாள். நான் பதிலுக்குப் பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைக்கலாம் என்றேன். அவள் நம்பவில்லை. தோலை ஆட்டுக்குப் போடுவோம் பௌதி என்று சிரித்தாள். காய் எடைபோட்டதும் நாலு பச்சைமிளகாயைக் கொசுறாகப் பைக்குள் தள்ளுவாள். கொசுறுக்கு இங்கே ஃபாவு என்று பேர். இந்த ஒரு சொல் தெரியாமல் கல்கத்தாவில் காலம் தள்ள முடியாது.

இந்தக் கீரையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று பல வருஷம் நான் யோசித்ததே இல்லை. பாலிகஞ்ச் ரயில் நிலையம் கரியாஹாட்டுக்கு நடக்கிற தூரம். சியால்தாவிலிருந்து தெற்கே கானிங், லட்சுமிகாந்தபூர், டயமண்ட் ஹார்பர் என்று பிரிந்துபோகும் லோக்கல் வண்டிகள் எல்லாம் அங்கே நிற்கும். அந்த வண்டிகளில் சரக்குக் கூடைக்கென்றே வியாபாரிகள் பெட்டி உண்டு. விடிவதற்கு முன் தெற்குக் கிராமங்களிலிருந்து கிளம்பும் பெண்கள் அதில் கீரைக்கட்டோடு தரையில் உட்கார்ந்து வருவார்கள். மாஷி கானிங் வழி. ஊரில் மூன்று மணிக்கு எழுந்தால்தான் என் வீட்டுப் பத்து மணிச் சாப்பாட்டுக்கு அவள் கீரை வந்து சேரும். இத்தனை தெரிந்த பிறகும் நான் அவளிடம் நாலணாவுக்குப் பேரம் பேசியிருக்கிறேன். பேரம் பேசாவிட்டால் அவளே கோபித்துக்கொள்வாள் என்று நான் சொன்னால் நம்புவீர்களா?

மீன் கதை தனிக் கதை. சீலாவும் விளமீனும் சாளையும் தின்று வளர்ந்தவளுக்கு ஆற்று மீனும் குளத்து மீனும் முதலில் சேற்று வாடையாகத்தான் இருந்தது. ரூயி, காத்லா என்று ஆளுயரத்துக்குக் கிடக்கும். எனக்குப் பழக்கமான முகம் ஒன்றே ஒன்று, பேட்கி. அது நம் கொடுவா. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது என்றால் சிரிக்காதீர்கள். மீன்காரர் வெட்டுவது கத்தியால் அல்ல, தரையில் உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டு வெட்டும் போட்டியால். அது வேறொன்றும் இல்லை, நம் அரிவாள்மணைதான், பாகுபலி அளவுக்கு! இலிஷ் மீன் (நம் பக்கத்தில் உள்ளம் என்போம்) வாங்கினால் முதுகுத் துண்டா வயிற்றுத் துண்டா என்று கேட்டு வெட்டுவார். ரூயி தலை பருப்பில் போட, எண்ணெய்க் குடல் வதக்க, எதுவும் வீண் இல்லை. வேட்டியும் குர்த்தாவும் அணிந்த வங்காளிப் பெரியவர்கள் பையோடு நின்று செவுள் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைக் காண வேண்டும். பெண் பார்க்கப் போகும்போதுகூட நம்மவர்கள் அவ்வளவு கூர்மையாகப் பார்ப்பதில்லை. இங்கே பாஜார் செய்வது வீட்டுத் தலைவரின் கௌரவம். எங்கள் வீட்டுக்காரரையும் ஒருநாள் அனுப்பினேன். பாதி அழுகிய தக்காளியும் ஒரு கிலோ இஞ்சியும் வாங்கிவந்தார். அதோடு சரி.

தைப் பொங்கலுக்கு லேக் மார்க்கெட்டில் கரும்பு வாங்கிவருவேன். பச்சரிசிக்கு மட்டும் கரியாஹாட். கோவிந்தபோக் என்ற சின்ன மணி வாசனை அரிசி, 2017-இல் புவிசார் குறியீடுகூட பர்தமான் கோவிந்தபோக்கிற்குக் கிடைத்தது, சீரகச்சம்பாவுக்குச் சொந்தக்காரிபோல் இருக்கும். அதில் புது ஈச்ச வெல்லம் போட்டுச் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் பாருங்கள். நோலேன் குர் என்பார்கள். குளிர்காலத்தில் மட்டும் ஈச்சமரத்தில் இறக்கும் பதநீரைக் காய்ச்சி எடுப்பது. எங்கள் உடன்குடிக் கருப்பட்டியை விட்டுக்கொடுக்க மனசில்லை. ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. அந்த நாளில் வங்காளிகளுக்கும் பௌஷ சங்கிராந்தி. அவர்கள் தேங்காயும் அரிசிமாவும் வாங்கிப் பிட்டே செய்ய, நான் அதே கடையில் அதே தேங்காய் வாங்கிப் பொங்கல் வைப்பேன். சித்திரை ஒன்றுக்கும் அப்படியே. நமக்கு வருஷப் பிறப்பு ஏப்ரல் 14, அவர்களுக்கு மறுநாள் பொய்லா பொய்ஷாக். அன்று கடைக்காரர்கள் புதுக் கணக்குத் தொடங்கி, வாடிக்கைக்காரர்களுக்கு இனிப்புப் பெட்டியும் காலண்டரும் தருவார்கள். மளிகைக்கடைக் காலண்டர் எனக்கு முதல்முதலாகக் கிடைத்த வருஷம்தான் நான் கல்கத்தாக்காரி ஆனேன் என்று கணக்கு.

இனி நடைபாதைக்கு வருகிறேன்.

மார்க்கெட் கட்டடம் ஒரு பங்கு என்றால் கரியாஹாட்டின் நடைபாதை மூன்று பங்கு. புடவைக்கடைகள் உள்ளே பெரிதாக இருக்கின்றன. ஆதி டாகேஸ்வரி வஸ்திராலயா என்று ஒரு பெயர்ப்பலகை, டாக்கா நகரத்து அம்மன் பேரைச் சுமந்துகொண்டு. ஆனால் புடவைக்கு வேண்டிய மற்றதெல்லாம் நடைபாதையில்தான். உள்பாவாடை, ரவிக்கைத் துண்டு, ஊக்கு, வளையல், பித்தளைக் கரண்டி, பை, செருப்பு. வங்காளி வருஷக் கடைசியில் சைத்ர சேல் என்று ஒரு மாதம் நடக்கும். நம் ஆடித் தள்ளுபடிக்கு அக்காள். அப்போது தோளில் இடிக்காமல் ஒரு அடி நகர முடியாது.

அந்த நடைபாதையில் புடவைக்கு ஃபால்ஸ் விற்கும் ஒருவரிடம்தான் நான் எப்போதும் வாங்குவேன். எங்கள் வீட்டில் அவருக்கு ஃபால்ஸ் தாதா என்று பேர். புடவையைக் காட்டக்கூட வேண்டாம், "போன பூஜைக்கு எடுத்தீர்களே, அந்த மாந்தளிர் நிறம்தானே?" என்பார். அவருடைய அப்பா பிரிவினைக்குப் பிறகு டாக்கா பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, அதே இடத்தில் துணி விரித்து உட்கார்ந்தவர். கரியாஹாட் நடைபாதையில் விசாரித்தால் பாதிப்பேர் கதை இப்படித்தான் இருக்கும்.

1996-இல் எங்கள் குடியிருப்பில் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. நடைபாதை முழுக்கக் கடைகள், குழந்தைகள் வண்டி ஓடும் சாலையில் இறங்கி நடக்கவேண்டியிருக்கிறது, தீயணைப்பு வண்டி வர வழியில்லை, அகற்றுங்கள் என்று. எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த மாதம்தான் பள்ளிவிட்டு வரும்போது ஒரு மினிபஸ் அவளை உரசிக்கொண்டு போயிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை யோசிக்கவில்லை.

அந்த மனுவால்தான் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆயிரம் காரணம் இருந்தது. மறு ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜர் வருகிறார், ஊரைச் சுத்தம் செய்கிறார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். ஜோதி பாசு முதலமைச்சர். போக்குவரத்து அமைச்சர் சுபாஷ் சக்கரவர்த்தி முன்னின்றார். 1996 நவம்பர் 24-ஆம் தேதி இரவு போலீசும் மாநகராட்சி ஆட்களும் கட்சித் தொண்டர்களும் இறங்கிக் கடைகளை இடித்தார்கள். அதற்கு வைத்த பேர் 'ஆபரேஷன் சன்ஷைன்', சூரிய வெளிச்சம்! நடந்ததோ நடுராத்திரியில். கரியாஹாட் மட்டுமில்லை, நகரத்தின் பல நாற்சந்திகளிலும் இதே கதை.

மறுநாள் காலை நான் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினேழு வருஷமாக நடந்த இடத்தில் முதல்முறையாகத் தரையைப் பார்த்தேன். புடவைக்கடைகளின் கண்ணாடி தெரிந்தது. ஓரத்தில் உடைந்த மரச்சட்டங்கள், நசுங்கிய தகரம். அதற்குள் ஒரு ஃபால்ஸ் சுருள் அவிழ்ந்து சாக்கடையில் கிடந்தது. நீலமா பச்சையா என்று தெரியவில்லை. அதைப் பார்த்தும் நான் நின்றுவிடவில்லை, பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாம் நாள் கீரை வாங்கப் போனால் மாஷி உட்காரும் இடமும் காலி. அவளுக்குக் கடையே கிடையாது, ஒரு சாக்குதான். அவளையும் சேர்த்துத்தான் பெருக்கியிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் 'கடைகள்' என்று எழுதியிருந்ததே தவிர 'மாஷி' என்று எழுதியிருக்கவில்லை. படிக்கும்போது எனக்கு அது தோன்றவும் இல்லை.

அவள் திரும்பிவர நாலு மாதம் ஆயிற்று. ஒரு சந்துக்குள் இடம் பிடித்திருந்தாள். முன்னைவிட மெலிந்திருந்தாள். என்ன செய்தாய் என்று கேட்டேன். வேறு நிலையத்தில் இறங்கி வீடுவீடாகப் போய் விற்றேன் என்றாள். ஃபால்ஸ் தாதாவை அதற்கு முன்பே பார்த்துவிட்டேன். தோளில் ஒரு துணிமூட்டை, கையில் பத்துச் சுருள், போலீஸ் வண்டி வருகிறதா என்று ஒரு கண் சாலையில். என்னைக் கண்டதும், "பௌதி, ஃபால்ஸ் வேணுமா?" என்று சிரித்தார். பூஜைக்குப் பிறகு கடனுக்கு எடுத்த சரக்கு முழுதும் போய்விட்டதாம். தேவையில்லாமலே ஆறு வாங்கினேன். கையெழுத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது ஊரறிந்தது. ஹாக்கர் சங்கராம் கமிட்டி என்று திரண்டு ஊர்வலம் போனார்கள். 1997-இல் மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்தி, நடைபாதையில் கடை போடுவதை ஜாமீனில் வெளிவர முடியாத குற்றமாகவே அரசு ஆக்கியது. சட்டம் ஒருபக்கம் இருக்க, கடைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிட்டன. வாங்குகிறவர்கள் நாம் இருக்கும்போது வராமல் எப்படி இருக்கும்? மனுவில் கையெழுத்துப் போட்ட எங்கள் மாடிவீட்டு அம்மாள்தான் முதலில் வளையல் வாங்கினாள்.

2002-இல் கரியாஹாட் மேம்பாலம் வந்தது. வண்டிகள் தலைக்கு மேலே போக, அடியில் பெரியவர்கள் சதுரங்கப் பலகை விரித்தார்கள். தெருவியாபாரிகளுக்கென்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் 2014-இல் வந்தது. முதலில் கணக்கெடுக்க வேண்டும், கணக்கெடுத்து முடியும்வரை யாரையும் எழுப்பக்கூடாது, இடம் ஒதுக்கும் குழுவில் பத்துக்கு நாலு பேராவது வியாபாரிகளாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சோதன் சிங் வழக்கில், முறைப்படுத்தினால் நடைபாதையில் வியாபாரம் செய்வதும் ஒரு தொழில் உரிமைதான் என்று சொல்லியிருக்கிறது. நம் சென்னையில் பாண்டி பஜார் வியாபாரிகளை 2013-இல் தனிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். 2019-இல் அந்தச் சாலை அகலமான நடைபாதையோடு திறக்கப்பட்டது. போய்ப் பார்த்தேன். நடக்க அழகாகத்தான் இருக்கிறது. என் சிறுவயதில் அத்தையோடு அங்கே குனிந்து குனிந்து பாசிமணி பொறுக்கிய சுகம் மட்டும் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்க வழியில்லையோ என்னவோ.

மனுவில் எழுதியிருந்த தீ பயமும் ஒருநாள் மெய்யானது. 2019 ஜனவரியில் ஒரு நள்ளிரவு, நாற்சந்தியிலிருந்த குருதாஸ் மேன்ஷன் பற்றி எரிந்தது. கீழே புகழ்பெற்ற புடவைக்கடை, மேலே குடியிருப்பு, நடைபாதையில் கடைகள். கடைகளின் மேல் கட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்புகள் தீயைப் பரப்பின என்று பேச்செழுந்து, பிளாஸ்டிக் கூடாது, தகரக் கூரைதான் என்று மாநகராட்சி சொன்னது. தாதாவின் கடை சற்றுத் தள்ளி, தப்பித்தது. ஆனால் அன்றிரவு மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்து நின்ற குடும்பங்களை நினைத்தால், நான் போட்ட கையெழுத்தை முழுக்கப் பாவம் என்றும் சொல்ல முடியவில்லை.

மாஷி இப்போது இல்லை. கொரோனா ஊரடங்கில் லோக்கல் ரயில் நின்றபோது வராமல் போனவள், ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் வரவில்லை. அவள் மருமகள் ஒருநாள் அதே சந்தில் வந்து உட்கார்ந்து சேதி சொன்னாள். அந்தப் பெண்ணும் என்னைப் பௌதி என்றுதான் கூப்பிடுகிறாள். முறைப்படி பார்த்தால் பாட்டி என்று சொல்லவேண்டும். சொல்லாதவரை லாபம் என்று விட்டுவிட்டேன்!

2024 ஜூனில் மறுபடி கெடுபிடி. முதலமைச்சர் மம்தா பானர்ஜி ஆக்கிரமிப்பைக் கண்டித்துப் பேச, சில இடங்களில் புல்டோசர் இறங்கியது. பிறகு ஒரு மாதம் அவகாசம், கணக்கெடுப்பு என்றார்கள். மூன்றில் ஒரு பங்கு கடைக்கு, இரண்டு பங்கு நடப்பவர்களுக்கு என்பது கணக்கு. எங்கள் குடியிருப்பிலும் மறுபடி ஒரு மனு வந்தது, இந்தத் தடவை கைபேசியில். பெங்களூரிலிருக்கும் என் மகள், "போடும்மா, உனக்கு முழங்கால் வலி, எப்படி நடப்பாய்? காய்கறியெல்லாம் போனிலேயே வரவழைக்கலாமே" என்றாள். மினிபஸ் உரசியது அவளுக்கு நினைவிருக்கிறது. அவள் சொல்வதில் தப்பில்லை. நான்தான் போடவில்லை.

மறுநாள் ஃபால்ஸ் தாதாவின் கடைக்குப் போனேன். இப்போது கடையைப் பார்ப்பது மகன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சில்லறை மட்டும் எண்ணுகிறார். இருபத்தெட்டு வருஷத்துக் கதையைச் சொன்னேன். வங்காளி தடுமாறியது, தமிழ் கலந்தது, ஆனால் புரிந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"என் வீட்டு வாசலில் ஒருத்தன் இரண்டு வருஷமாக மீன்கடை போட்டிருக்கிறான் பௌதி. நாற்றம் தாங்கவில்லை. நானும்தான் கவுன்சிலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்றார்.

பிறகு மகனைப் பார்த்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த உள்பாவாடைச் சட்டத்தை இரண்டு அடி உள்ளே தள்ளச் சொன்னார், என் முழங்காலுக்காக. தள்ளினான். நான் மாந்தளிர் நிறத்தில் இரண்டு ஃபால்ஸ் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்து வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனால் சட்டம் பழைய இடத்திலேயே நிற்கிறது. "தாதா!" என்றேன். மகன் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி உள்ளே இழுத்தான்.